ஒரு சொட்டு மிச்சம்

நீலாஞ்சனா அம்மாள் பித்தளைச் சொம்பைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். வைத்த சத்தத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. அத்தனையும் இல்லையென்றால் பாதி. அதற்குக் கீழே என்னால் குறைக்க முடியாது.

"குடி" என்றாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த இளைய மருமகள் ஜினப்பிரியா சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். உண்டாகியிருந்த அவளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது திண்டிவனம் ரோட்டுக்குத் தார் ஊற்றும்போது ஓரத்தில் வழியுமே, அந்த நிறம். அந்தக் கெட்டி. மேலே ஒரு குமிழி எழும்பி, வெடிக்க மனமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாத்தே இது?"

"கஷாயம். பக்கத்து வூட்டு சுமலதா அனுப்பியிருக்குது."

"கஷாயம்னு தெரியுது. உள்ள இன்னா போட்டிருக்காங்க?"

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் அனந்தியின் கை நின்றது. கூடத்தில் மாமனார் விருஷபதாஸ் படித்துக்கொண்டிருந்த பேப்பர் பாதி திரும்பிய நிலையில் அந்தரத்தில் நின்றது. ஜினப்பிரியாவின் கணவன் அஜிதனுக்கு அந்த நொடியில்தான் தன் போனில் சார்ஜ் இல்லை என்ற பேருண்மை விளங்கியது. எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். சார்ஜ் எண்பத்தேழு சதவீதம் இருந்தது.

விஷயம் இதுதான். அந்தத் தெரு உண்டான நாளிலிருந்து அந்தக் கேள்வியை எந்த மருமகளும் கேட்டதில்லை.

பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் தெருவில் சொம்பு வைப்பது என்று ஒரு வழக்கம். எந்த வீட்டு மருமகளுக்காவது ஐந்தாம் மாதம் பிறந்தால், மற்ற வீடுகள் முறை போட்டுக்கொண்டு கஷாயம் காய்ச்சி, சொம்பில் ஊற்றி அனுப்பும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமருந்து. மாமியார் மருமகளின் காதில், கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று வெளியே சொல்லிவிட்டால் மருந்து பலிக்காது. அதனால் காய்ச்சுகிறவள் சொல்லமாட்டாள், குடிக்கிறவள் கேட்கமாட்டாள்.

சுமலதா வீட்டுச் சொம்பு இடுப்பு வலிக்கு. ஜெயக்கொடி வீட்டுச் சொம்பு பிள்ளை சிவப்பாகப் பிறக்க. ஜெயக்கொடியின் பிள்ளைகள் மூவரும் தங்கள் அப்பாவின் மாநிறத்தில் லட்சணமாகத் திரிந்தார்கள். அதுபற்றி யாரும் சொம்பிடம் விளக்கம் கேட்டதில்லை. தெருக்கோடி வீட்டுச் சொம்பு ஆண்பிள்ளைக்கு. தபாலாபீஸ்காரர் வீட்டுச் சொம்பு பிறக்கிற குழந்தைக்குக் கணக்கு நன்றாக வர. மாடி வீட்டுக்காரர்கள் ஒன்று காய்ச்சுவார்கள். அது எதற்கு என்று அவர்களுக்கே மறந்துபோய்விட்டது. இருந்தாலும் விடாமல் காய்ச்சினார்கள்.

இதில் சட்டம் ஒன்றே ஒன்று. குடித்து முடித்ததும் சொம்பைக் கவிழ்த்து வாசற்படியில் வைக்க வேண்டும். அனுப்பியவள் வந்து நிமிர்த்திப் பார்ப்பாள். உள்ளே ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தால், அதற்கப்புறம் தாய்க்கும் பிள்ளைக்கும் எது நடந்தாலும் காய்ச்சியவள் பொறுப்பில்லை. இவ்வளவு பத்திரமான ஏற்பாட்டை உலகத்தின் எந்த மருந்துக் கம்பெனியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

அனந்திக்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே தெரு சொம்பு வைத்தது. வாயும் வயிறும் எரிய எரிய எல்லாவற்றையும் குடித்தாள். ஆறாம் மாதம் குழந்தை தங்கவில்லை. தெரு கூடி யோசித்தது. அனந்தி ஏதோ ஒரு சொம்பில் ஒரு சொட்டு மிச்சம் வைத்தாள் என்று தீர்ப்பானது. எந்தச் சொம்பு என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சொட்டு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மாதம் ஒன்று போனதும் அது கால் டம்ளராக வளர்ந்தது. வருஷம் திரும்பியபோது, அனந்தி முழுச் சொம்பையும் சாக்கடையில் கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தவர்களே நான்கு பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து அவள் கை ராசியில்லாத கை. பாத்திரம் தேய்க்கலாம், ரொட்டி சுடலாம், மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம். சொம்பை மட்டும் தொடக்கூடாது. விசேஷத்தில் முன்னால் வரக்கூடாது.

அதனால்தான் ஜினப்பிரியா கேட்டதும் அவள் கை நின்றது.

"சொன்னா பலிக்காதும்மா. பெரியவங்க ஆசையா அனுப்பினது. குடி" என்றாள் நீலாஞ்சனா. குரலில் கோபம் இல்லை, பாசம்தான். கோபமாக இருந்திருந்தால் ஜினப்பிரியா தப்பித்திருப்பாள். மேல்சித்தாமூரில் நாலு அண்ணன்களோடு சண்டை போட்டே வளர்ந்தவள் அவள். பாசத்தோடு சண்டை போட அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சொம்பைக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை. வயிறு இழுத்து இழுத்து வலித்தது. அஜிதனின் பைக் மேடுபள்ளம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் விசாரித்துக்கொண்டு போகிற வண்டி என்பதால், அனந்தி ஓர் ஆட்டோவைப் பிடித்து அவளைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் மஞ்சு பனமலைப் பக்கத்துப் பெண். குரல் கண்டிப்பு, கண் சிரிப்பு. பரிசோதித்துவிட்டு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவியில் வைத்துக் கேட்கச் சொன்னாள். கோட்டை லாயத்தில் அந்தக் காலத்தில் கட்டியிருந்த குதிரைகளை எல்லாம் ஒரே சமயத்தில் அவிழ்த்துவிட்டதுபோல் ஓர் ஓட்டம். ஜினப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. அனந்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டாள். கஷாயம். கஷாயத்தில் என்ன? தெரியாது. யாருக்குத் தெரியும்? அனந்தி போன் போட்டாள். நீலாஞ்சனாவுக்குத் தெரியவில்லை. நீலாஞ்சனா காம்பவுண்டுச் சுவர் வழியாகச் சுமலதாவைக் கேட்டாள். சொன்னால் பலிக்காது என்ற பதில் அதே சுவர் வழியாக, அதே போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

"பலிச்சிடுச்சுன்னு சொல்லுங்க. அதான் பெட்ல படுக்க வெச்சிருக்கேன்" என்றாள் டாக்டர்.

சாயங்காலம்வரை வைத்துப் பார்த்தார்கள். வலி அடங்கியது. ஆபத்து இல்லை, ஆனால் இனிமேல் விளையாட்டு வேண்டாம் என்று டாக்டர் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். மூலிகை என்றால் பயமே இல்லை என்று நினைக்கிறார்கள். செடியில் முளைத்ததாலேயே அது சாது ஆகிவிடாது. சிலது கர்ப்பப்பையை இறுக்கும், சிலது ரத்தப்போக்கைக் கிளப்பும், சிலது மற்ற மாத்திரைகளோடு மல்லுக்கு நிற்கும். எத்தனையோ இலைகளைக் கர்ப்பிணிகள் குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சரியாகச் சோதித்ததே இல்லை. அதனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத எதையும் தொடாதே. பெயர் தெரிந்தாலும் கேட்காமல் குடிக்காதே. குமட்டலுக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் லேசாக இஞ்சி டீ, சமையலில் போடுகிற அளவுதான், நாளைக்கு ஒரு டம்ளர், மிஞ்சினால் இரண்டு.

"இஞ்சியா? எங்க அத்தே வூட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க மேடம்" என்றாள் ஜினப்பிரியா. அது சமணக் குடும்பம், மண்ணுக்கடியில் விளைவதை அந்த வீட்டில் சமைப்பதில்லை. காய்ந்து சுக்காகிவிட்டால் அதே இஞ்சி ராஜமரியாதையோடு உள்ளே வரலாம்.

"அப்ப சுக்கு. ஒரு சிட்டிகை. கெட்டியா காய்ச்சி வெச்சிக்கினு அதையும் சொம்பு சொம்பா குடிச்சிடாதம்மா."

கிளம்புகிற நேரத்தில் அனந்தி பின்தங்கினாள். கதவருகே நின்று, யாருக்கும் கேட்காத குரலில் டாக்டரிடம் கேட்டாள்.

"மருந்துல ஒரு சொட்டு மிச்சம் வெச்சா கொழந்த போயிடுமா மேடம்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். யார் சொன்னது, எப்போது நடந்தது என்று விசாரித்தாள். அனந்தி நான்கு வருஷத்தையும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள்.

"சொட்டு மிச்சம் வெச்சதால எந்தக் கொழந்தையும் போவாது. உனக்கு எதனால போச்சுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது, பல நேரம் யாராலயும் சொல்ல முடியறதில்ல. ஆனா உன்னால இல்லம்மா. அது மட்டும் நிச்சயம்."

ஆட்டோவில் திரும்பும்போது அனந்தி ஜினப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்த பிடியில் கை இரண்டு நாள் வீங்கியிருந்தது என்பது என் கணக்கு.

டாக்டர் சொன்னதை எல்லாம் வீட்டில் சொன்னதும் நீலாஞ்சனா உண்மையாகவே பயந்துபோனாள். பயந்துபோய் ஒரு முடிவுக்கு வந்தாள். இப்படி நாள்தோறும் ஒரு சொம்பு என்று இழுத்துக்கொண்டிருந்தால்தான் உடம்புக்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருவையே கூப்பிட்டு, எல்லாச் சொம்பையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. இப்படி ஒரு மருத்துவ முடிவை எடுக்கப் பல தலைமுறை அனுபவம் வேண்டும்.

முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் ஜினப்பிரியாவுக்குத் தெரிந்தது. சொம்பைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. தெருவையே பகைத்துக்கொண்ட மருமகள் என்ற பெயர் வரும். அதைவிட, நாளைக்குப் பிரசவத்தில் சின்னதாக ஒரு கோளாறு வந்தாலும் இன்னொரு சொட்டுக் கதை ரெடியாகிவிடும். அனந்திக்குத் துணையாக ஒரு ராசியில்லாத கை.

அஜிதனிடம் கேட்டாள். அவன் நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

"குடிக்கிற மாதிரி நடிச்சிடேன்" என்றான்.

"சொம்பு காலியாவணும்ங்க. நடிப்புல சொம்பு காலியாவுமா?"

அவன் போன் சார்ஜைப் பார்க்கப் போய்விட்டான்.

வழி பிறந்தது சனிக்கிழமை சாயங்காலம். அது பிறந்த விதம் கொஞ்சம் வேடிக்கை.

அந்த வீட்டில் இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, சூரியன் மறைந்தபின் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது. இது அவர்கள் குலத்தில் எல்லாரும் அறிந்த நியமம். ஆனால் நீலாஞ்சனாவின் சூரியன் பஞ்சாங்கத்துச் சூரியன் இல்லை. செஞ்சிக்கு மேற்கே ராஜகிரி நிற்கிறது. சூரியன் போய் அந்த மலைக்குப் பின்னால் ஒளிந்தால் அவளுக்கு அஸ்தமனம் ஆகிவிட்டது. நிஜமான அஸ்தமனத்துக்கு இன்னும் அரைமணி பாக்கி இருக்கும், வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும், இந்த வீட்டில் சட்டி கழுவி வைத்தாகிவிடும். இரண்டாவது கட்டுப்பாடு நீலாஞ்சனா தன் மாமியார் காலத்திலிருந்து கட்டிக்காப்பது. பெரியவர்கள் சாப்பிடாமல் மருமகள்கள் வாய் வைக்கக்கூடாது.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். நெல் மண்டி வைத்திருக்கும் விருஷபதாஸ் லாரி வரத் தாமதமானால் தாமதமாக வருவார். அவர் வருவதற்குள் மலை சூரியனை விழுங்கிவிடும். அவருக்கும் சோறு இல்லை, மருமகள்களுக்கும் சோறு இல்லை. நீலாஞ்சனா கொடுமைக்காரி அல்ல, அவளும்தான் பட்டினி. பட்டினியை எல்லாருக்கும் சமமாகப் பரிமாறுகிற நியாயஸ்தி. வயிற்றுக்குள் இன்னொருத்தரை வைத்திருப்பவளுக்கு அந்தச் சமம் சமமாகுமா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் உண்டாகியிருந்தபோது அவளையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் லாரி வரவில்லை. சூரியன் ராஜகிரியின் தோளில் சாய்ந்து, இடுப்பில் இறங்கி, காணாமல் போனது. கேழ்வரகு ரொட்டி ஆறிப்போய் மூடி வைக்கப்பட்டது. ஜினப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதாம்மா?" என்றாள் நீலாஞ்சனா, இரக்கத்தோடு. "இன்னா பண்றது. பெரியவங்களுக்கு முன்னாடி சின்னவங்க வாய் வெச்சா குடும்பத்துக்கு ஆவாது."

ஜினப்பிரியா டம்ளரைக் கீழே வைத்தாள். மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தாள். பசியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நீலாஞ்சனா திருநீறு தேடுகிற அவசரத்தில் எழுந்து, இது திருநீறு இருக்கிற வீடில்லை என்று நினைவு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தெரு வந்தது. பட்டுப்புடவையும் பித்தளையுமாக வந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மத்தியில் சொம்புகளை வரிசையாக அடுக்கினார்கள். அந்த வாசனையில் காம்பவுண்டுச் சுவரில் படுத்திருந்த பூனை எழுந்து நடந்து சங்கராபரணி ஆற்றைக் கடந்து போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

ஜினப்பிரியா கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் ஒரு தட்டு நிறைய எவர்சில்வர் டம்ளர்களோடு வந்தாள். குனிந்து எல்லாரையும் வணங்கினாள். அப்புறம் ஆளுக்கொரு டம்ளரை முன்னால் வைத்தாள். பலகாரமும் பாலும் வரப்போகிறது என்று நினைத்துச் சுமலதா டம்ளரைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

ஜினப்பிரியா கோடி வீட்டுச் சொம்பை எடுத்துச் சுமலதாவின் டம்ளரில் ஊற்றினாள். சுமலதா வீட்டுச் சொம்பை ஜெயக்கொடியின் டம்ளரில் ஊற்றினாள். ஜெயக்கொடி வீட்டுச் சொம்பைத் தபாலாபீஸ்காரர் மனைவிக்கு. இப்படியே சுற்றி வந்தாள். மாடி வீட்டுச் சொம்பு நீலாஞ்சனாவுக்கு.

"இன்னாம்மா இது?" என்றாள் ஜெயக்கொடி.

"எங்க வூட்டு வழக்கம் பெரியம்மா. பெரியவங்க குடிக்காம நான் வாய் வைக்கக்கூடாது. அத்தேயக் கேளுங்க, அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க."

தெரு முழுவதும் நீலாஞ்சனாவைப் பார்த்தது. நீலாஞ்சனா தன் டம்ளரைப் பார்த்தாள். வழக்கம் இல்லை என்று சொன்னால் நாற்பது வருஷத்துப் பட்டினி வீண். வழக்கம்தான் என்று சொன்னால் டம்ளரைத் தூக்க வேண்டும். அவள் இரண்டும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, நீங்களும் வாங்க" என்று ஜினப்பிரியா கூடத்து மூலையைப் பார்த்துக் கூப்பிட்டாள். விருஷபதாஸ் வந்தார். அவருக்கும் கோடி வீட்டு ஆண்பிள்ளைக் கஷாயத்தில் ஒரு டம்ளர். கதவிடுக்கில் நின்றிருந்த அஜிதனுக்கும் அதிலேயே ஒரு டம்ளர் நீட்டினாள். பையனா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்துதான் தீர்மானமாகிறது என்று பத்தாவது பாடத்திலேயே இருக்கிறது, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று விளக்கமும் கொடுத்தாள். அஜிதன் அதற்கப்புறம் அந்தக் கதவிடுக்கில் இல்லை. மொட்டைமாடியில் காய்ந்திருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான பிறகு அவன் துணி மடித்தது அதுவே முதல் தடவை.

விருஷபதாஸ் மட்டும் மறுபேச்சு இல்லாமல் குடித்தார். முன்னால் வைத்ததைக் குடித்தே பழகியவர். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் யாரும் டம்ளரைத் தொடவில்லை. ஒவ்வொருத்தியாகக் காரணம் வந்தது. ஜெயக்கொடிக்கு அல்சர். தபாலாபீஸ்காரர் மனைவிக்குச் சர்க்கரை. மாடி வீட்டுக்காரிக்குச் சாமிக்கு ஏதோ வேண்டுதல். அன்றைக்கு அந்தக் கூடத்தில் வெளிப்பட்ட நோய்களை எழுதி வைத்திருந்தால் மருத்துவக் கல்லூரியில் மூன்று வருஷம் பாடம் நடத்தலாம். ஜினப்பிரியா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். சுமலதாவின் முன்னால் வந்து நின்றாள்.

சுமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரை மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். கீழே வைத்தாள்.

"எனக்கு பிரஷர் மாத்திர ஓடிக்கினு இருக்குது. உள்ள இன்னா போட்டிருக்குதுன்னே தெரியாம நான் எப்படிம்மா குடிப்பேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

சமையலறை வாசலில் அனந்தி வந்து நின்றாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான்கு வருஷமாக எந்த விசேஷத்திலும் தாண்டாத அந்த நிலைப்படியைத் தாண்டி வந்தாள்.

"நாலு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் கேக்கணும்னு நெனச்சேன் பெரியம்மா" என்றாள். "வாய் வரல."

குனிந்தாள். சுமலதா வீட்டுச் சொம்பை எடுத்தாள். அந்தக் கை சொம்பில் பட்டதும் யாரோ "அய்ய" என்று முனகினார்கள். யார் என்று பார்க்காமல் அனந்தி பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே நீலாஞ்சனா பிள்ளைபோல் வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஆளுயரத்துக்கு நின்றது. அதன் அடியில் சொம்பைக் கவிழ்த்தாள். திரும்பி வந்து அடுத்த சொம்பு. அதற்கடுத்தது. அப்புறம் டம்ளர்கள். யாரும் தடுக்கவில்லை. நீலாஞ்சனா தன் முன்னால் இருந்த டம்ளரைத் தானே எடுத்து மூத்த மருமகளிடம் நீட்டினாள்.

எல்லாச் சொம்பையும் வாசற்படியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள் அனந்தி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வந்து நிமித்திப் பாத்துக்குங்க. ஒரு சொட்டு மிச்சம் இல்ல."

பார்க்க யாரும் வரவில்லை. அவரவர் சொம்பை அவரவர் தூக்கிக்கொண்டு, இடுப்பில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள்.

சூரியன் ராஜகிரிக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருந்தது. அனந்தி அடுப்பை மூட்டினாள். ஒரு சிட்டிகைச் சுக்கு, தட்டிய ஏலக்காய் ஒன்று, கொஞ்சம் வெல்லம். போடும்போதே ஒவ்வொன்றின் பெயரையும் கூடத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல. முதல் டம்ளரைத் தான் குடித்தாள். அடுத்ததை ஜினப்பிரியாவிடம் கொடுத்தாள். ரொட்டியும் வைத்தாள். மாமனார் இன்னும் சாப்பிடவில்லை என்பதை நீலாஞ்சனா சொல்ல வாயெடுத்தாள். மாமனார் அப்போது எங்கே இருந்தார், எதனால் வெளியே வர முடியவில்லை என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் திங்கட்கிழமை நெல் மண்டி திறக்கப்படவில்லை. மண்டி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு விடுமுறை விட்டதில்லை என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே கறிவேப்பிலைச் செடி வாடத் தொடங்கியது. முதலில் கொழுந்து கறுத்தது, அப்புறம் இலை கொட்டியது, அடுத்த வெள்ளிக்கிழமை குச்சி மட்டும் நின்றது. நீலாஞ்சனா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அந்த ஒரு செடியின் வேருக்குள் போனது எல்லாம் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போயிருந்தால் என்று யோசித்தாளா, நான்கு வருஷத்துக்கு முன்னால் போனதைப் பற்றி யோசித்தாளா, அது அவளுக்கும் செடிக்கும்தான் தெரியும்.

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சுமலதாவின் தலை எழுந்தது. பட்டுப்போன செடியைப் பார்த்து நாக்கால் ஒரு சத்தம் செய்தாள்.

"நான் அப்பவே நெனச்சேன் நீலாஞ்சனா. அனந்தி ஊத்தறப்ப ஒரு சொட்டு வெளிய சிந்திட்டா. செடிக்கு முழுசா போய்ச் சேரல. அதான் பட்டுப்போச்சு."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

நீலாஞ்சனா காய்ந்த குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரருகே போனாள்.

"எந்தச் சொம்பு?"

"இன்னா?"

"எந்தச் சொம்புலருந்து சிந்துச்சுன்னு கேட்டேன். உன் சொம்பா, ஜெயக்கொடி சொம்பா, மாடி வூட்டுதா?"

சுமலதா யோசித்தாள். அவளால் முடிந்தவரை யோசித்தாள்.

"அது ஞாபகம் இல்லியே."

"சொட்டு மட்டும் ஞாபகம் இருக்குதா?" என்றாள் நீலாஞ்சனா.

சுவருக்கு மேலே இருந்த தலை கீழே இறங்கியது. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கொஞ்சம் பலமாகவே.